பாதிப் பயம்

"மூணு வழி இருக்கும்மா. அதுல ரெண்டை உங்க தம்பி ஏற்கனவே அடைச்சுட்டார்" என்றார் டாக்டர் ஜெபா.

வான்மதி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அம்மா. பின்னால், சுவரில் சாய்ந்தபடி, வான்மதியின் கணவன் சம்பத். கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் கட்டிலில் தம்பி நிதிலன், இருபத்தாறு வயது. அவன் விரல்கள் போர்வை மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. அவன் போடவில்லை, அவை தாமாக ஆடின.

"புரியற மாதிரி சொல்லுங்க டாக்டர்" என்றாள் வான்மதி.

"முதல் வழி, கொஞ்சம் கொஞ்சமா குறைக்கிறது. அதே குணமுள்ள வேற மருந்தைக் கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைச்சு நிறுத்துறது. மூணு வாரம் வார்டுலயே இருக்கணும். இவர் ரெண்டு தடவை பாதியில ஓடிப்போயிருக்கார். இன்னொரு தடவை பாதியில விட்டா உடம்பு தாங்காது. ரெண்டாவது வழி, மயக்கத்துல வச்சே அந்த நாட்களைத் தாண்ட வைக்கிறது. மூச்சுக்கு மெஷின் வைக்கணும். போன மாசம் கோயம்புத்தூர் கிளப்ல விழுந்து கிடந்தப்போ வாந்தி நுரையீரலுக்குள்ள போயிருக்கு. அந்த நுரையீரலை நம்பி நான் மயக்கம் கொடுக்க மாட்டேன்."

"அப்பிடி என்னத்தத்தானுங்க குடிச்சான்?" என்றாள் அம்மா. "அந்த பாட்டல்ல இருந்தது தண்ணியாட்டந்தானுங்க இருந்துச்சு. நாங்கூட எடுத்துச் செடிக்கு ஊத்திட்டேன்."

"தண்ணி மாதிரிதான் இருக்கும்மா. லேசா உப்புக் கரிக்கும். பிள்ளைங்க அதைச் சொட்டுன்னு சொல்றாங்க. ஆட்டம் போடுற இடத்துல ஒரு மூடி குடிச்சா கூச்சம் போயிரும், பயம் போயிரும். நம்ம தலைக்குள்ள ஒரு காவல்காரன் இருக்கான்னு வச்சுக்கோங்க. ஆபத்துன்னா மணி அடிக்கிறவன். சொட்டு அவனைத் தூங்க வைக்குது. உங்க பையன் எட்டு மாசம், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை குடிச்சுக் குடிச்சு அவனைத் தூங்க வச்சிருக்கார். இப்ப நிறுத்தினா அவன் முழிச்சுக்குவான். எட்டு மாச மணியையும் சேர்த்து அடிப்பான். அந்தச் சத்தத்துல இதயமே நின்னுபோறது உண்டு."

அம்மா வான்மதியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூணாவது?" என்றாள் வான்மதி.

"தாங்கி வைக்கிறது. அந்தப் பயத்துல பாதியை வேற ஒருத்தர் வாங்கிக்கிறது. உங்க தம்பி காதுக்குப் பின்னால ஒரு பட்டை, தாங்குறவங்க காதுக்குப் பின்னால ஒரு பட்டை. நினைப்பு வராது, படம் வராது, பயம் மட்டும் வரும். பதினோரு நாள். தாங்குறவங்க இந்தக் கட்டிடத்தை விட்டு வெளிய போகக் கூடாது. பட்டையைத் திடீர்னு கழட்டக் கூடாது, கழட்டினா அவங்க பாதியும் உங்க தம்பி தலையிலயே விழும். கட்டிலுக்கு மேல ஒரு எண் ஓடும், அவர் பயம் எவ்வளவுன்னு காட்டும். அறுபது, எழுபதுன்னா பரவாயில்லை. தொண்ணூறைத் தாண்டினா என் கையில ஒண்ணும் இல்லை."

"சரிங்க."

"யார் தாங்குறாங்கன்றதுதான் முக்கியம். அவர் மனசு யாரோட ஒட்டிக்கிட்டு இருக்கோ அவங்கதான் தாங்கணும். வீட்ல யாரு அப்படி?"

அம்மா யோசிக்கவே இல்லை. "இவதானுங்க. அக்கான்னா அவனுக்கு அத்தன பயமுங்க. ஊருக்கே கேக்கற மாதிரி சிரிச்சுட்டிருப்பான், இவ உள்ள வந்தா கப்சிப்புனு அடங்கிருவான். என்னைய நீ வா போம்பான். மாமனையும் வாடா போடாங்காத கொறதான். அக்காவ மட்டும் நீங்க, வாங்கன்னுதான் கூப்புடுவான். அவங்கப்பன் போனதுக்கப்புறம் இவதானுங்க வளத்துனா."

டாக்டர் தலையாட்டிக்கொண்டே எழுதினார்.

சம்பத் தொண்டையைக் கனைத்தான். "இல்ல, வேணும்னா நான்..."

வான்மதி திரும்பிப் பார்த்தாள். "நீங்களா? கரப்பானப் பாத்தா கட்டல் மேல ஏறி நிக்கற ஆளு."

அந்த நிலைமையிலும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சம்பத்தும் சிரித்தான். "அதுவும் சரித்தான்" என்று மறுபடி சுவரில் சாய்ந்துகொண்டான்.

வான்மதி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவின் சூப்பர்வைசர். விளக்கு எரியும் மேசைமேல் துணியை விரித்தால், அதில் நழுவிய ஒரே ஒரு கண்ணிகூட அவளிடமிருந்து தப்பாது. கேமராக்களும் மெஷின்களும் வந்து மற்ற சூப்பர்வைசர்களை வீட்டுக்கு அனுப்பிய பிறகும் அவளை மட்டும் வைத்திருந்தார்கள். அவள் உள்ளே நுழைந்தால் நாற்பது பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள். வாழ்க்கையில் எதற்கும் பயந்ததாக அவளுக்கு நினைவில்லை.

ஆகவே அது வந்தபோது அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

காலை பத்தரை மணி. ஜன்னல் நிறைய வெயில். நர்ஸ் காதுக்குப் பின்னால் பட்டையை ஒட்டிவிட்டு, "அவ்வளவுதான்க்கா, ஊசிகூட இல்ல" என்று சிரித்தாள். வான்மதி பதிலுக்குச் சிரிக்கப் போனாள். அதற்குள் வயிற்றுக்குக் கீழே தரை இல்லாமல் போயிற்று. மேசைமேல் ஒரு டம்ளர் இருந்தது, வெறும் எவர்சில்வர் டம்ளர். அது அங்கே இருப்பதே பொறுக்க முடியாததாக இருந்தது. மின்விசிறி சுற்றியது, அடுத்த சுற்றில் கழன்று விழும் என்று தோன்றியது. அந்தச் சுற்று முடிந்தது, அடுத்த சுற்றுக்கும் அதேபோல் தோன்றியது. யாரோ கதவுக்கு வெளியே நிற்கிறார்கள். யாரும் இல்லை என்று கண்ணுக்குத் தெரிகிறது, இருந்தும் நிற்கிறார்கள்.

"இதா?" என்றாள். பல் கிட்டியது. "இத்தனையுமா அவனுக்கு?"

"இதுல பாதிதான்க்கா உங்களுக்கு" என்றாள் நர்ஸ்.

கட்டிலில் நிதிலன் கண்ணை மூடிக் கிடந்தான். மேலே எண் ஓடியது: அறுபத்திரண்டு.

பயம் வந்தால் வான்மதிக்குக் கோபமாகத்தான் வெளியே வரும் என்பது அன்றுதான் தெரிந்தது. "எந்திரிச்சு உக்காரு. கஞ்சியக் குடி. வாய மூடிட்டு முழுங்கு. நான் இருக்கறனல்லோ, அப்பறம் என்ன நடுக்கம்?" என்றாள். அவன் விழுங்கினான். அவள் கட்டிலை ஒட்டி நாற்காலியைப் போட்டு, அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தால் அவனுக்குத் தெம்பாக இருக்கும் என்று.

இரண்டாம் நாள் எழுபத்தொன்று. மூன்றாம் நாள் எழுபத்தெட்டு.

"எறங்கணுமேம்மா" என்றார் டாக்டர், காகிதத்தைப் புரட்டியபடி. "எல்லாருக்கும் மூணாம் நாள் எறங்கும். நேத்து மத்தியானம் மட்டும் அறுபதுக்கு வந்திருக்கு, ஒரு அரை மணி நேரம். அப்ப என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலீங்க. நான் கீழ கேன்டீனுக்குப் போயிருந்தேன்."

"நீங்க திரும்பி வந்ததும் ஏறியிருக்கு."

"நான் அக்கட்டால போனன்ல, அதுல பயந்துட்டானாட்டங்க இருக்குது. இனிமேப் போக மாட்டேன்."

டாக்டர் அவளை ஒரு கணம் பார்த்தார். "அவருக்கு எதுவோ ஒண்ணு மேல தனிப் பயம் இருக்குன்னு நினைக்கிறேன். இந்த அறைக்குள்ளயே இருக்கிற ஏதோ ஒண்ணு. அது என்னன்னு நாளாக நாளாக உங்களுக்கும் தெரியவரும். போன வருஷம் ஒருத்தர், அவர் அண்ணனுக்குத் தாங்கினவர், நாலாம் நாள் பல்லியைப் பார்த்துட்டு வராண்டாவுல ஓடினார். அண்ணனுக்குப் பல்லின்னா ஆகாதாம். முன்னபின்ன தம்பிகிட்ட சொன்னதே இல்லையாம். அந்த மாதிரி உங்களுக்கு எதையாவது பார்த்தா திடீர்னு தூக்கிப்போடும். உடனே சொல்லுங்க. அதை அறையை விட்டு எடுத்துருவோம். எடுத்துட்டா எண் எறங்கிரும்."

வான்மதி அதையும் செக்கிங் வேலைபோலவே செய்தாள். அறையில் இருந்த ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகப் பார்த்து, வயிறு என்ன சொல்கிறது என்று கவனித்தாள். ஊசித் தட்டு. திரைச்சீலை. நர்ஸின் வெள்ளைக் காலணி. ஜன்னல் கம்பி. சம்பத் கொண்டுவந்திருந்த ஆரஞ்சு. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு பயம்தான். எதுவும் தூக்கிப்போடவில்லை.

நான்காம் நாள் காலை கம்பெனியிலிருந்து போன் வந்தது. யாரோ ஒரு பெண் ஓட்டைத் துணியைப் பாஸ் செய்துவிட்டாளாம். "கண்ணு எங்க போச்சு அவளுக்கு? போன அவகிட்ட குடு" என்றாள் வான்மதி. சொல்லி முடிப்பதற்குள் முதுகில் பச்சைத் தண்ணீர் ஊற்றியதுபோல் இருந்தது. போன் கையிலிருந்து நழுவியது. கட்டிலுக்கு மேலே எண்பத்துமூன்று.

போனில் வந்த செய்தியா? இல்லை. போனில் பேசிய ஆளின் குரலா? அதுவும் இல்லை.

முகம் கழுவலாம் என்று எழுந்து குளியலறைக் கதவைத் திறந்தாள். உள்ளே ஒருத்தி நின்றிருந்தாள்.

வான்மதி அலறவில்லை. அலறுவதற்கு மூச்சு வேண்டுமே. கால்கள் அவளைக் கேட்காமலே பின்னால் போயின, முதுகு சுவரில் மோதியது. அந்தப் பெண்ணின் கண்கள் அவளைத் துணியைப் பார்ப்பதுபோல் பார்த்தன. எங்கே நழுவியிருக்கிறது, எங்கே கறை, எங்கே ஓட்டை. அந்தக் கண்களுக்கு முன்னால் எதையும் மறைக்க முடியாது; மறைக்க எதுவும் இல்லாவிட்டாலும் இருக்கும்போல் இருந்தது. பன்னிரண்டு வயதில் மார்க் ஷீட்டை நீட்டிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. பன்னிரண்டு வயதில் அவள் யாரிடமும் மார்க் ஷீட்டை நீட்டிக்கொண்டு நின்றதில்லை.

வாஷ்பேசினுக்கு மேலே இருந்தது கண்ணாடி.

"தொண்ணூறுக்கு ரெண்டுதான் பாக்கி!" என்று வெளியே நர்ஸ் கத்தினாள். "டாக்டரம்மா!"

டாக்டர் வந்து நிதிலனுக்கு ஏதோ ஊசி போட்டு, எண் கீழே வந்த பிறகு, வான்மதியை வராண்டா பெஞ்சில் உட்கார வைத்தார்.

"எதைப் பார்த்தீங்க?"

வான்மதி சொன்னாள்.

டாக்டர் எழுந்து உள்ளே போனார். பிறகு முதல் நாள் எழுதிய படிவத்தை எடுத்து வந்தார். "மூத்த சகோதரி. நெருக்கம் மிக அதிகம்" என்று அவருடைய கையெழுத்திலேயே இருந்தது.

"உங்கம்மா என்ன சொன்னாங்க அன்னிக்கு? நெருக்கம்னா சொன்னாங்க?"

"அக்கான்னா பயம்னு சொன்னாங்க."

"அதைத்தான் நான் இப்படி எழுதியிருக்கேன்." டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த மெஷினைச் செஞ்சவங்க ஊர்ல யாரும் இப்படி எழுதியிருக்க மாட்டாங்க. எனக்குத் தப்பாவே தோணலையேம்மா. எங்க வீட்லயும் அப்படித்தான் சொல்லுவாங்க. அப்பான்னா அவளுக்குப் பயம், நல்லா வளர்ந்த பிள்ளைன்னு. பாசம், மரியாதை, எல்லாத்துக்கும் நமக்கு அந்த ஒரு சொல்தானே வாயில வருது. நானும் அப்படியே எடுத்துக்கிட்டேன். அவங்க பயம்னு சொன்னது பயத்தைத்தான்னு எனக்குப் படவே இல்லை."

"அப்பிடியெல்லாம் இருக்காதுங்க" என்றாள் வான்மதி. "நான் அவன ஒரு அடி அடிச்சதில்ல. அவன் படிப்புக்காக நான் எம் படிப்ப நிறுத்தினவ. அவனுக்கு என்ன பயம் எங்கிட்ட? நானே கேக்கறேன்."

"பார்த்துக் கேக்காதீங்க. திரைக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து, மெதுவா."

திரையை இழுத்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். தன் குரல் தனக்கே கேட்காத அளவுக்குத் தாழ்த்திப் பேசுவது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை.

"நிதி. எதுக்குடா பயப்படற?"

"ஒண்ணுமில்லீங்கக்கா."

பொய் அவள் வயிற்றில் வந்து விழுந்தது. அவன் சொல்வது உண்மையா என்று இதுவரை முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். இப்போது அந்தக் கேள்வி அவனுக்குள் என்ன செய்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. மறுபடி கேட்டாள்.

"நான் திட்டறதுக்கா?"

"இல்லீங்க்கா. திட்டினாக்கூடப் பரவால்லீங்க. நீங்க பாக்கறதுக்கு. துணிய விரிச்சுப் போட்டு லைட்டப் போட்டுப் பாப்பீங்கல்ல. அந்த மாதிரி." திரைக்கு அந்தப்பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. "தப்பு ஒண்ணும் பண்ணாதப்பவும் என்னமோ பண்ணிட்ட மாதிரியே இருக்கும். நீங்க கண்டுபுடிக்கறதுக்குள்ள நானே கண்டுபுடிச்சிரணும்னு தேடிட்டே இருப்பேன்."

வான்மதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"மொதல் நாளு" என்றான் அவன், "சும்மாதான் குடிச்சேங்க. எல்லாருங் குடிச்சாங்க. அவிங்களுக்கு ஆடணும்னு தோணுச்சு. எனக்கு அப்பத்தான் உங்க போன் வந்துச்சு. எப்பவும் உங்க பேரப் பாத்தாலே வவுத்தக் கலக்கும். அன்னிக்குக் கலக்கல. எடுத்து, வரேங்க்கான்னு சொன்னேன். ஞாபகம் இருக்குதுங்களா? என்னடா இன்னிக்குக் கொரலு இத்தன தெளிவா இருக்குதுன்னு கேட்டீங்க."

நினைவிருந்தது. அதற்குப் பிறகு எட்டு மாதம் அவன் அவளிடம் தெளிவாகப் பேசினான், கேட்ட கேள்விக்கெல்லாம் நிமிர்ந்து பதில் சொன்னான். தம்பிக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று செக்கிங் மேசையில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தாள்.

"உனக்கு யாரோட இருந்தாப் பயமில்ல?" என்றாள்.

"மாமாகூடங்க."

மதியம் இரண்டு மணிக்கு சம்பத் வந்தான். டாக்டர் அவனுக்கு எல்லாவற்றையும் சொன்னார். அவன் வான்மதியைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். "சரிங்க டாக்டர். எங்க உக்காரோணும்?" என்று மட்டும் கேட்டான்.

"உங்க மனைவிகிட்ட இருக்கிற பாதி கொஞ்சம் கொஞ்சமா உங்களுக்கு வரும். இருபது நிமிஷம். அதுவரைக்கும் அவங்க கட்டிடத்துக்குள்ள இருக்கணும். ஆனா உள்ள வரக் கூடாது, பேசக் கூடாது. மாத்துற நேரத்துல கொஞ்சம் சிந்தும், எண் ஏறும். வான்மதி, நான் சொல்றது புரியுதா? உங்க குரல் ஒரு தடவை உள்ள கேட்டாப் போதும்."

கதவு சாத்தப்பட்டது. வராண்டாவில் அவள் தனியாக நின்றாள். கதவுக்கு மேலே இருந்த சின்னத் திரையிலும் அந்த எண் தெரிந்தது.

எழுபத்தாறு. எண்பது. எண்பத்துநான்கு.

உள்ளே கட்டில் கம்பிகள் கடகடவென்று ஆடின. "அக்கா" என்று நிதிலன் முனகினான். கூப்பிடுகிறானா, வந்துவிட்டாளோ என்று பயந்து சொல்கிறானா? எண்பத்தேழு. ஒண்ணுமில்லடா நிதி, அக்கா இங்கதான் இருக்கறேன்: சொற்கள் தொண்டை வரை வந்துவிட்டன. இருபது வருடமாக அவனுக்குக் காய்ச்சல் வந்தாலும், பரீட்சை வந்தாலும், அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனபோதும் அவள் அவனுக்குக் கொடுத்தது அந்த வாக்கியத்தைத்தான். இப்போது அதைச் சொன்னால் அவன் செத்துப்போவான். முந்தானை முழுவதையும் வாய்க்குள் திணித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

எண்பத்தொன்பது. எண் அங்கேயே நின்று துடித்தது.

உள்ளே சம்பத்தின் குரல் கேட்டது. "டேய் மாப்ள. அந்தச் சுவத்துல என்ன, கரப்பானா? கட்டல்ல கொஞ்சம் எடம் உடுடா, நானும் ஏறிக்கறேன்."

அப்புறம் ஒரு சத்தம். கட்டில் கம்பி என்றுதான் நினைத்தாள். இல்லை, நிதிலன் சிரித்தான். மூச்சுத் திணறி, பல் தந்தியடித்து, சிரித்தான். ஊருக்கே கேட்கும் என்று அம்மா சொன்ன சிரிப்பு இதுதான் போலும். அவள் அதைக் கேட்டதில்லை.

எண்பத்தைந்து. எழுபத்தெட்டு. அறுபத்தாறு.

நர்ஸ் வந்து அவள் காதுக்குப் பின்னால் இருந்த பட்டையைக் கழற்றினாள். "அய்யோ, எத்தன அழுகைக்கா. பொழைச்சுட்டாரு, போங்க. வீட்டுக்குக் கிளம்புங்க. கடைசி நாள் வரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்க, டாக்டர் சொல்லச் சொன்னாங்க."

அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கினாள். வெயில் வெறும் வெயிலாக இருந்தது. பஸ் ஸ்டாப்பில் நின்றபோது தனக்குள் தேடிப் பார்த்தாள். டம்ளர் பயம் இல்லை, மின்விசிறிப் பயம் இல்லை. பஸ் வந்தது, அவள் ஏறவில்லை. இன்னொன்று வந்தது.

போன் அடித்தது. டாக்டர் ஜெபா.

"வான்மதி, அம்பத்துநாலுக்கு வந்துருச்சும்மா. தூங்குறார். இனிமே பயமில்லை, பிழைச்சுக்குவார்." அவர் குரலில் நாலு நாள் பாரம் இறங்கியிருந்தது. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னுதான் கூப்பிட்டேன். உங்க வீட்டுக்காரரைப் போய்க் கரப்பானுக்குப் பயப்படுறவர்னு சொன்னீங்களே! இத்தனை வருஷத்துல இப்படி ஒரு தாங்கியை நான் பார்த்ததில்லை. பட்டை போட்டதும் எல்லாருக்கும் நாடி எகிறும், கை வேர்க்கும். இவருக்கு ஒண்ணுமே மாறலை. மெஷின்தான் வேலை செய்யலையோன்னு நர்ஸ் ரெண்டு தடவை சோதிச்சுப் பார்த்தா. நல்லாத்தான் வேலை செய்யுது. அப்புறம் அவர்கிட்டயே கேட்டேன், என்ன சார், எப்படி இருக்குன்னு. என்ன சொன்னார் தெரியுமா?"

வான்மதி போனைக் காதோடு அழுத்தினாள்.

"வீட்ல இருக்கற மாதிரியேதான் இருக்குதுங்க டாக்டர்னு சொன்னார்." டாக்டர் சந்தோஷமாகச் சிரித்தார். "அவ்வளவு இயல்பா! கொடுத்து வச்சவங்கம்மா நீங்க. ஹலோ? கேக்குதா?"

"கேக்குதுங்க" என்றாள் வான்மதி.

"சத்தமாப் பேசுங்கம்மா. ஒண்ணும் கேக்கலை."

அவள் சத்தமாகப் பேசவில்லை.